மண் குழியில் விழுந்த யானை

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் இருந்த காலத்துக் கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு ஒருவர் திரிந்தார். ஒட்டிய கன்னம், கக்கத்தில் குடை, கையில் நோட்டு. யார் எதைச் சொன்னாலும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, "சரிதானே?" என்று ஒரு தடவை கேட்பார்.

கோப்பிக் கடையில் என்னிடம் வந்தார். மாட்டு வண்டி ஓட்டுகிற எனக்கு எழுத்தென்றால் மாட்டின் முதுகில் போட்ட சூடு மட்டும்தான் தெரியும். வாய்க்குக் குறைச்சலில்லை.

"சூளைக்கு மண்ணு வெட்டுன குழிய ஏம்ப்பா மூடுனாங்க?"

"யானை விழுந்துருச்சுங்கய்யா! தூக்க முடியாம அப்படியே மூடிட்டாங்க."

கடையே சிரித்தது.

"ஆளுங்க யாரும் சாகலையா?"

"யானைக்கு வழிவிட்டு ஒதுங்கிட்டாங்கய்யா."

அவர் சிரிக்காமல் எழுதிப் படித்தார். "யானை விழுந்ததால் குழி மூடப்பட்டது. ஆள் யாரும் சாகவில்லை. சரிதானே?"

"சரிங்கய்யா."

என் முகத்தையே பார்த்தார். "சரிதானே?"

பல்லைக் காட்டினேன். அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் குழியில் மண் சரிந்து புதைந்துபோனவர் என் அப்பா. கடையே சிரிக்கும்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அந்த நோட்டுக்காரரைத் தேடிக் கிள்ளான் பட்டணம் வரை வண்டி ஓட்டினேன். அகப்படவில்லை.

அவர் நோட்டில் என் அப்பா இன்னும் சாகவில்லை. எல்லாரிடமும் ஒரு தடவை கேட்கிறவர், என்னிடம் மட்டும் ஏன் இரண்டு தடவை கேட்டார் என்பதுதான் இன்னமும் உறுத்துகிறது.