ஐந்தாவது தட்டில் வவ்வால்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். கடலில் வலை இழுத்துக் கை தேய்ந்த நான், புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிக பியூனாகச் சேர்ந்தேன். ஐந்தாவது பாஸ் என்று சொல்லித்தான் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குள் நான் கால் வைத்ததே அன்றைக்குத்தான். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனால் வேலை நிரந்தரம் என்றார்கள். படிக்கத் தெரியாது என்று அதற்குள் தெரிந்தால் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

அவர் வருவதற்கு முதல் நாள், அறிவியல் அறை ஜாடிகளைத் துடைக்கச் சொன்னார் வாத்தியார். மருந்துத் தண்ணீரில் மீன், தவளை, பாம்பு எல்லாம் ஊறுகாய் மாதிரி கிடக்கும். துடைப்பதோடு நிறுத்தினேனா? எல்லாவற்றையும் கீழே இறக்கிச் சீயக்காய் போட்டுக் கழுவினேன். பெயர்ச் சீட்டுகள் கூழாகி உரிந்து வந்துவிட்டன.

வாத்தியார் தலையில் கைவைத்தார். மணி அடித்துவிட்டது, அவருக்கு வகுப்பு. தட்டுக்கு ஒன்றாக ஐந்து, தனியாக ஒன்று என்று அவசரமாக ஆறு சீட்டு எழுதி நீட்டினார்.

"வாயாலயும் சொல்லிருங்க சார், மனசுல நிக்கும்."

"செவுள் உள்ளது மீனு, மொதல் தட்டு. தவளை, தேரை ரெண்டு. ஓணான், பாம்பு, ஆமை மூணு. எறகு, அலகு உள்ளது நாலு. குட்டி போட்டுப் பால் குடுக்குறது அஞ்சு. வவ்வால மட்டும் தப்பா வச்சிராத, அது அஞ்சு. நடுவுல வச்சுக் கடைசிச் சீட்ட அதுல ஒட்டு."

எங்கள் கடற்கரையில் வவ்வால் என்றால் மீன். தட்டையாக, வெள்ளி மாதிரி மின்னும். குழம்புக்கு அதை அடிக்க ஆள் கிடையாது. ஜாடியில் ஒன்று இருந்தது. பத்து வருஷம் வவ்வால் பிடித்தவன், அறுத்தவன், தின்றவன் நான். எதிலும் மடியைக் கண்டதில்லை. ஆனால் ஆவுளியா என்கிற கடல்பசு குட்டிக்குப் பால் கொடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வவ்வாலும் நமக்குத் தெரியாமல் கொடுத்துத் தொலைக்கிறதோ என்னவோ. செவுள் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? சொன்னவர் படித்தவர். ஐந்தாவது தட்டில், நடுவில் வைத்து ஒட்டினேன்.

ஒரு ஜாடி மிஞ்சியது. உள்ளே றெக்கையைப் போர்த்திக்கொண்டு ஏதோ சுருண்டு கிடந்தது. சீக்குக் கோழிக்குஞ்சு என்று நாலில் தள்ளினேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஐந்தாவது தட்டின் முன்னால் நின்றுவிட்டார்.

"என்னய்யா, மீனு எப்பலேருந்து பால் குடுக்குது?"

"வவ்வாலுங்கய்யா. எங்க ஊருல இதாங்க வவ்வால்."

"சீட்டுல என்ன எழுதியிருக்கு? படி."

அறுந்த வலை முடிச்சுகள் மாதிரி கிடந்தன எழுத்துகள். "கண்ணு கொஞ்சம் மங்கலுங்க."

"அஞ்சாவது பாஸு பண்ண கண்ணுதானே?" என்றார் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் நின்ற வாத்தியாரே அதை வாசித்தார்: "பறக்கும் பாலூட்டி, வவ்வால்."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"முதுகெலும்பு உள்ளத அடுக்கச் சொன்னா இப்புடியா? நீ எந்தத் தட்டுய்யா?"

"எதுலயும் இல்லைங்கய்யா. முதுகெலும்பு இருந்திருந்தா, படிக்கத் தெரியாதுன்னு மொத நாளே சொல்லியிருப்பேன்."

வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, நாளையிலிருந்து இவன் வர வேண்டாம் என்றார்.

"ரெண்டு ஜாடியையும் மாத்தி வச்சிட்டுப் போ" என்றார் வாத்தியார். மாற்றினேன். சீட்டை உரித்து அந்தக் கோழிக்குஞ்சின் மேல் ஒட்டினேன். வாத்தியார் குனிந்து பார்த்தார்.

"தலகீழா ஒட்டியிருக்க."

உரிக்கக் கை நீட்டினேன்.

"விடு. வவ்வாலுக்கு அது சரிதான்."