கனம் தூக்கக் கூடாது

என் அப்பா வேலை பார்த்த காலமெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அவரே லிஃப்ட். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்ட அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் தூக்குவது அவர்தான். ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் தொண்டைத்தண்ணீர் வற்றச் சொல்லிப் பார்த்துவிட்டேன். கண்டவர்கள் கைபட்டால் அவளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். அம்மாவைக் கேட்டால், அப்பாவைக் கேள் என்பாள்.

போன மாதம் அவருக்கு அடிவயிறு புடைத்துக்கொண்டது. குடலிறக்கம், சீக்கிரம் ஆபரேஷன் செய்ய வேண்டும், அதுவரை ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்த மனுஷன், செருப்பைக் கழற்றிய கையோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனார். ஆபரேஷன் பேச்சை எடுத்தாலே, அவளை யார் பார்ப்பது என்று ஒரே பாட்டு. இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வலியே இல்லை என்று என்னிடமே கதைவிட்டார். அவர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியாதா?

இது போதாதென்று அம்மா சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். இரண்டு வாய் வாங்கியதும் உதட்டை மூடிக்கொள்வாள். ஒரு நாள் வயிறு மந்தம் என்பாள், இன்னொரு நாள் வாய் கசக்கிறது என்பாள். விதவிதமாகச் சமைத்துப் பார்த்தேன். அப்பா கத்தியும் பார்த்தார். கல்லுளிமங்கி, அசையவில்லை. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என் பிராணன் போனது.

நேற்று மத்தியானம் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த நான் பொறுமை இழந்துவிட்டேன். "இப்படியே போனா எலும்புதாம்மா மிஞ்சும். என்னதான் வேணும் உனக்கு?"

அம்மா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குழறும் நாக்கால் மெதுவாகச் சொன்னாள்: "கத்தாதேடி. நான் கொஞ்சம் இளைச்சா... அவருக்குத் தூக்கச் சுலபமா இருக்குமில்ல."

எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. திரும்பினால், கையில் தண்ணீருடன் அப்பா கதவருகே நின்றிருந்தார். வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவளைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"டாக்டர்கிட்ட நாள் கேளு. ஆளையும் வரச் சொல்லிடு," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

என்னிடமிருந்து தட்டை வாங்கிப் பிசைந்தார். நிஜமாகத்தான் சொல்கிறாரா என்று அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.