தண்ணீர் கேட்கப் போய்ப் படகில் ஏறியது

எங்கள் ஊரில் வாய்ச்சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும், டிரான்ஸ்பார்மர் புகைந்து லைன்மேன் வராமல் போனாலும், 'அவரை முன்னால் விடுங்கப்பா' என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒரு பொங்கலோடு அதுவும் போயிற்று.

அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மினி லாரி ஓட்டுகிறேன். அது போக, ஏரிக்கால்வாயின் கடைசியில் கொஞ்சம் கழனி உண்டு. எனக்கும் கீழே, கால்வாய் முடிகிற இடத்தில், ஒரு அக்காவின் கழனி. சொந்தமெல்லாம் இல்லை, வரப்பு ஒன்றாக இருப்பதால் வந்த அக்கா. புருஷன் இல்லாமல் தனியாகப் பயிர் வைக்கிறவள். மதகைத் திறந்தால் ஊருக்கெல்லாம் பாய்ந்து, எனக்குப் பாய்ந்து, அப்புறம்தான் அவளுக்குத் தண்ணீர்.

ஏரியில் படகு விட ஆரம்பித்த பிறகு மதகு திறக்கிற முறை மாறிப்போனது. படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர், துறையின் தூண் ஒன்றில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் படகின் விசிறி சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் விடுமுறை வருகிறதென்றால் பொதுப்பணித்துறைக்காரர்கள் மதகை மூடிவிடுவார்கள், கூட்டம் கலைந்ததும் திறப்பார்கள். நல்ல மழை பெய்த வருஷங்களில் இது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வருஷம் மழை கார்த்திகையோடு நின்றுவிட்டது. ஏரியில் பாதித் தண்ணீர்தான். பிந்தி நட்ட எங்கள் நெல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் தப்பித்துவிடும். கேட்டால், காணும் பொங்கல் முடியட்டும் என்றார்கள். பால் பிடிக்கிற பயிர், பண்டிகை முடியட்டும் என்று காத்திருக்குமா?

போகிக்கு முந்தின நாள் நாலைந்து பேர் படகுத்துறைக்குக் கிளம்பினோம். வழக்கம்போல நான்தான் முன்னால். அக்கா ஒரு கதிரைக் கிள்ளி என் சட்டைப்பையில் வைத்தாள்.

"இத்த காட்டு தம்பி. கடிச்சுப் பாக்கச் சொல்லு. மாட்ட வுட்டுட்டு என்னால வர முடியாது. நீ போனா நான் போனா மாதிரி."

வழியெல்லாம் என்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். 'உங்கள் படகுக்குச் சக்கரம் மாட்டி ஜிஎஸ்டி ரோட்டில் ஓட்டுங்கள், ஏரியை எங்களிடம் விடுங்கள்' என்று ஒன்று வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள் என்றுகூட நினைத்திருந்தேன். அவ்வளவு தெம்பாகப் போனவன் நான்.

குத்தகைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கும்பிட்டார். பண்டிகைக்காகப் புதுப் படகுகளை இறக்கி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கண்ணே. உங்களத்தான் எதிர்பாத்துகினு இருந்தேன். இன்னா வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன். அதுக்கு முன்னாடி ஒரு தபா போட்டுல வந்து தண்ணி எவ்ளோ கீதுன்னு நீங்களே பாத்துருங்க."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. தண்ணீரைப் பார்க்காமல் தண்ணீரைப் பற்றி எப்படிப் பேசுவது? ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை அவரே என் தலைவழியாக மாட்டி, இடுப்பில் வாரை இழுத்துக் கட்டினார். சட்டைப்பையில் இருந்த கதிர் அதற்குள் நசுங்கியது. இறங்கி வந்து பார்த்தபோது துணியில் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அக்காவின் கதிரை நான் யாருக்கும் காட்டவில்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்குச் சங்கடம். அந்த ஏரியின் தண்ணீரில்தான் வளர்ந்தேன், ஆனால் அதன் நடுவே நான் போனதில்லை. கரையோரம் குளித்ததோடு சரி. படகு வேகம் பிடித்ததும் காற்று முகத்தில் அடித்தது. நீர்க்காகங்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. எதிரே மலை, அதன்மேல் வெயில். எங்கள் ஏரி இவ்வளவு அழகா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. இந்தத் தண்ணீர் குறையாமல் இப்படியே இருக்கட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மதகைத் திறக்கச் சொல்ல வந்தவன்!

"அண்ணே, இங்க பாருங்க" என்று குத்தகைக்காரர் போனைத் தூக்கினார். நான் கையை உயர்த்திப் பல்லைக் காட்டினேன்.

கரைக்கு வந்ததும் டீ வந்தது, மிக்சர் வந்தது. "இன்ஜினியர் சார்கிட்ட பேசிட்டேன்ணே. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலைல தொறந்துடுவாங்க" என்றார். போன வேகத்துக்கு நான் அவர் மேசையைத் தட்டியிருக்க வேண்டும். ஒருவனுடைய படகில் சுற்றிவிட்டு, அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தட்டுவது? "சரிப்பா" என்றேன். கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் மிக்சரைப் பார்த்தேன்.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் படம் வந்து சேர்ந்துவிட்டது. 'விவசாயிகளும் கொண்டாடும் படகுப் பொங்கல்' என்று எழுதி வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். படகில் எல்லாரும்தான் இருந்தோம். ஆனால் மற்றவர்கள் உர்ரென்று உட்கார்ந்திருக்க, நடுவில் நான் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. டீக்கடையில் ஒவ்வொரு போனிலும் என் பல் தெரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டில் என் மனைவி காத்திருந்தாள். "ஏன்யா, மதகு தொறக்கப் போனியா, மாமல்லபுரத்துக்கு டூர் போனியா? சொல்லிருந்தா நானும் பொடவ மாத்திகினு வந்திருப்பேன்ல?"

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டேன்.

காணும் பொங்கலன்று கேளம்பாக்கம் பக்கமிருந்தெல்லாம் கார்கள் வந்து ஏரிக்கரையில் வரிசை கட்டின. மோட்டார் சத்தம் எங்கள் கழனி வரை கேட்டது. ஊர்ப் பிள்ளைகள் சிலர் வந்து, ரோட்டில் உட்கார்ந்துவிடலாம், நீங்கள் வந்து பேசுங்கள் என்றார்கள். நான் போகவில்லை. எந்த வாயோடு போவது? நான் வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவன் போனைத் திறப்பான். லாரியில் லோடு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குள் படுத்துக்கிடந்தேன். எனக்கு வந்த வெட்கத்துக்கு கால்வாய்க் கடைசிப் பயிரெல்லாம் காய வேண்டியிருந்தது.

சொன்னபடி மறுநாள் மதகைத் திறந்தார்கள். மேலே இருந்தவர்கள் தப்பித்தார்கள். என் கழனிக்குத் தண்ணீர் வந்தபோது பாதிக் கதிர் சாவியாகிவிட்டது, உமி இருந்தது, அரிசி இல்லை. அக்காவின் கழனிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தபோது அங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. வெளுத்து விறைத்து நின்றது பயிர். மாட்டுத் தீவனத்துக்காவது ஆகட்டும் என்று அவள் அறுத்துக்கொண்டிருந்தாள்.

பல நாள் அவள் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். வரப்பு ஒன்று என்றால் எத்தனை நாளுக்கு ஒளிவது? ஒரு காலையில் அவளே அரிவாளோடு நிமிர்ந்து, "தம்பி, இங்க வா" என்றாள். திட்டு வாங்கத் தயாராகப் போனேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கேலி செய்கிற முகமில்லை.

"நீ போட்டுல போனியே, நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"நான்லாம் அதுல ஏறுனதே இல்ல. ஏரி நடுவாலேர்ந்து பாத்தா நம்ம கழனி தெரிதா?"

"தெரியலக்கா" என்றேன்.

"அவ்ளோ தூரமா கீது!" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு, குனிந்து அறுக்கத் தொடங்கினாள்.

தூரமெல்லாம் இல்லை. நான் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.