உள்ளங்கை பார்த்தவர்

ராதாபுரம் பக்கத்துக் கல்குவாரியில் குழந்தைத் தொழிலாளர் முறை ஒழிந்துவிட்டதா என்று மதிப்பிட வந்த அம்மாளுக்குத் துணையாகப் போயிருந்தேன். கனிந்த முகம். பிள்ளைகளிடம் எதுவும் கேட்கமாட்டார், கைகுலுக்குவார். உள்ளங்கை காய்த்திருக்கிறதா என்று அவர் விரல் பைய தடவிப் பார்த்துவிடும்.

அன்று ஒரு சிறுமியின் கையை அவர் விடவேயில்லை. கல்லுடைத்துக்கொண்டிருந்த தாய் ஓடிவந்தாள்.

"மொதலாளிகிட்ட சொல்லிராதீய மேடம். குடிசையும் அவரு எடந்தான். தொரத்திட்டாருன்னா எங்க போயி ஒதுங்குவோம்?"

"பிள்ளை நல்லதுக்குத்தானம்மா சொல்லுதேன்."

முதலாளியிடம் சொன்னார். வெயில் தாழுமுன் குடிசை காலியாயிற்று. குவாரியில் இப்போது குழந்தைகள் எவரும் வேலை செய்யவில்லை என்று நிறைவோடு எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில், சட்டிபானையோடு அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஜீப்பை நிறுத்தி, சிறுமிக்கு பிஸ்கட் கொடுத்து, "தவறாம பள்ளிக்கூடம் போகணும்" என்றார்.

"எந்த ஊர்ல மேடம்?" என்றாள் தாய்.

வண்டியில் ஏறியவரின் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.