பிரான்சுக்கு ஒரு மார்க் குறைந்தது

ஒவ்வோர் ஆண்டும் ஆனி மாதத்தில் எங்கள் வீட்டுக்குப் பிரான்ஸ் வந்து இறங்கும். அதாவது, அத்தையும் மாமாவும். அப்பாவின் அக்காவைப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவின் பெட்டியில் சாக்லேட் டப்பா எவ்வளவு இருக்குமோ, பெருமையும் அவ்வளவு இருக்கும். அவர் பிரான்சுக்காகப் பேச, அப்பா எங்கள் ஊரான காரைக்காலுக்காக வாதாடுவார். எட்டு வயதான நான் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு இரண்டு பேருக்கும் மார்க் போடுவேன். யாரும் கொடுத்த வேலையல்ல, நானே எடுத்துக்கொண்டது.

"அங்கெல்லாம் கரண்டு போவுறதுன்னா என்னன்னே தெரியாது மாப்ள" என்றார் மாமா ஒருநாள். சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் மின்விசிறி நின்றது. பிரான்சுக்கு ஒன்று.

"அது கெடக்கட்டும். எதிர்வீட்டுக்காரரு பேராவது ஒங்களுக்குத் தெரியுமா மச்சான்?" என்றார் அப்பா, விசிறிக்கொண்டே. மாமா சாக்லேட் டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினார். காரைக்காலுக்கு ஒன்று. பிரான்ஸ் மீன்தான் சுத்தம் என்று நிரூபித்துக்கொண்டே காரைக்கால்மேட்டு வஞ்சிரத்தில் ஐந்தாவது துண்டை அவர் கேட்டு வாங்கியபோது மட்டும், இரண்டு பக்கமும் அரை அரை போட்டேன்.

ஆஸ்பத்திரிப் பேச்சு வந்தால்தான் விசித்திரம். "அங்க டாக்டருங்க..." என்று தொடங்கிய மாமா பாதியில் நிறுத்திக்கொள்வார். அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். கல்யாணமாகி ஒன்பது ஆண்டுகள். குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று அந்த டாக்டர்கள் கைவிரித்திருந்தார்கள். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. அப்பா பதில் சொல்லவில்லையே என்று பிரான்சுக்கு இரண்டு மார்க் போட்டேன்.

மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். அதை மடியில் ஏந்திச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதையும் எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தை முந்தானையை விரித்தபடி கூட்டத்தில் நின்றாள். மாமா காமிராவும் கையுமாக அப்பாவோடும் என்னோடும் ஓரத்தில் நின்றார்.

"ஆள் மண்டையில பழத்த எறியிறதெல்லாம் ஒரு திருவிழாவா? அங்க இப்புடிச் செஞ்சா போலீசு வந்துரும்" என்றார். பிரான்சுக்கு இன்னொன்று என்று மனத்தில் குறித்துக்கொண்டேன்.

பழங்கள் பறந்து வந்தன. அத்தைக்கு நேராக வந்ததையெல்லாம் பக்கத்துக் கைகள் பறித்துக்கொண்டன. மூன்றாவது பழமும் போனபோது மாமா காமிராவை என் கழுத்தில் மாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். எம்பினார். முன்னால் நின்றவர் முதுகில் பாதி ஏறிவிட்டார்.

"அண்ணே, இங்க ஒண்ணு! இங்க போடுங்கண்ணே!" என்று மாடியைப் பார்த்துக் கத்தினார்.

போட்டார்கள். பழம் அவர் நெற்றியில் மோதி, மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டு, துள்ளி என் கைக்கே வந்தது. நான் உடனே கடித்துவிட்டேன்.

"பாப்பா, திங்காத! அத்தைகிட்ட குடுத்துரு. சாக்லேட்டு டப்பா எல்லாத்தையும் நீயே வச்சுக்க" என்றார் மாமா. அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கொடுக்க மனமில்லை. கூட்டத்திலிருந்து வந்த அத்தை குனிந்து பழத்தை வாங்கி, நான் கடித்த இடத்திலிருந்தே சாப்பிடத் தொடங்கினாள். கொட்டை வெளுக்கும்வரை சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

மாமாவின் நெற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. அப்பாவுக்கு ஓராண்டுக்குப் போதுமான கேலி அதில் இருந்தது. அவரோ கூட்டத்தின் காலடியில் கண்ணாடியைத் தேடியெடுத்து, வேட்டியில் துடைத்து, மாமாவின் கையில் கொடுத்தார்.

"வாங்க மச்சான், வீட்டுக்குப் போவோம்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அத்தையை நினைத்தால் பாவமாக இருந்தது. கரண்டு போகாத, எல்லாம் கிடைக்கிற அந்த ஊரில் மாம்பழம் மட்டும் கிடைக்காது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து, பிரான்சுக்கு ஒரு மார்க்கைக் குறைத்தேன்.