சிவப்பு விளக்குக்கு ஒளிராத நட்சத்திரம்

எங்கள் அக்கா சீர்காழியை அடுத்த சிற்றூரில் ஓர் உழவுக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால், இயற்பியல் படித்து முடித்த கையோடு பள்ளி ஆசிரியையாகி, தம்பியான என்னை ஆளாக்கினார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை.

ஞாயிறு பகலில் மாணவர்களை வரவழைத்து, ஜன்னலில்லாத நடு அறையில் கதவைச் சாத்திக்கொள்வார். சுவரெல்லாம் ரேடியம் ஸ்டிக்கர் நட்சத்திரங்கள். சிவப்பு விளக்கை எத்தனை நேரம் காட்டினாலும் அவை ஒளிராது. நீல டார்ச்சை ஒரு நொடி காட்டினால் பச்சையாக ஒளிரும். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது, சிவப்புப் பொட்டலத்துக்குப் பலம் போதாது, எத்தனை வந்தாலும் பயனில்லை, இதுதான் குவாண்டம் என்பாராம். மாணவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம், "பட்டப்பகல்ல கதவைச் சாத்திக்கிட்டு என்னக்கா வேலை? மாந்திரீகம் பண்றதா ஊர்ல பேசுறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்ன ஆவுறது?" என்று கத்தினேன். மறுவாரம் வந்த பிள்ளைகளை அக்கா வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நட்சத்திரங்களைச் சுரண்டி எடுத்தார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்.

புற்றுநோயால் அதே அறையில் படுத்திருந்தபோது ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து டார்ச்சை எடுத்தார். "கதவைச் சாத்துடா. நீ ஒரு தடவை பாத்துட்டா போதும்" என்றார். வயலில் அறுவடை மெஷின் காத்திருந்தது.

"நாளைக்குப் பாக்குறேன்க்கா" என்றேன்.

மறுநாள் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நின்றபோது போன் வந்தது. அக்கா போய்விட்டார்.

ஓராண்டாக அவர் படத்தின் முன் சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிகிறது. அந்த நட்சத்திரம் படத்துக்கு நேர் மேலே இருக்கிறது. போன வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பல்பை அணைத்தேன். சுவர் இருட்டாகவே இருந்தது. டார்ச் கையில்தான் இருந்தது. தனியாகப் பார்க்க மனம் துணியவில்லை.

வேளைக்குக் கஞ்சி கொடுத்த எதிர்வீட்டுச் சித்திக்கும், ரத்தம் கொடுத்த பழைய மாணவர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வாசலோடு திரும்பிப் போன பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போது பெரியவர்களாகியிருப்பீர்கள். திவசத்தன்று அவசியம் வாருங்கள். கதவை நானே சாத்துகிறேன்.