பேசாமல் ஓடிய பதினெட்டுச் சுற்றுகள்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை மட்டும் பார்ப்பவர்களை நான் ரசிகர்கள் என்று ஒப்புக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு வந்து நேரே பந்தியில் உட்காருகிறவர்கள் அவர்கள். ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயம் வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே தொடங்கிவிடுகிறது. எவனுக்குத் தன் காரின் மேல் நம்பிக்கை இல்லை, எவன் எந்த வளைவில் பயந்து முன்னாலேயே பிரேக்கை மிதிக்கிறான் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துபோகும். சனிக்கிழமை, யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றில், துணிச்சல் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோற்கும்போதுதான் ஆள் யாரென்று தெரியும்.

இதை வீட்டில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் அக்கா அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள்.

அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அவர் சிம்மக்கல்லில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை நடத்துகிறார். அக்கா பசுமலையில் பள்ளி ஆசிரியை. எங்கள் தல்லாகுளம் வீட்டு மாடியில் இருவரும் பத்து நிமிடம் பேசினார்கள். கார் ரேஸ் விடாமல் பார்ப்பேன் என்று அவர் சொன்னதுதான் அதில் அவளுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான தகவல்.

“மூணு நாளும் அவரோட உக்காந்து பாரு. தோத்தா பேசுறாரா, வாய மூடிக்கிறாரான்னு மட்டும் எனக்குச் சொல்லு” என்றாள்.

ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பா கோபம் வந்தால் கத்தமாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒருமுறை பதினோரு நாள். குழம்பில் உப்பா, பால்காரர் வராததா, காரணம் என்னவென்று தெரியாமல் அம்மாவும் அக்காவும் வீட்டுக்குள் கால் வைக்கிற சத்தம்கூடக் கேட்காமல் நடப்பார்கள். இன்னொரு வீட்டில் போய் அப்படி நடக்க அக்காவுக்கு விருப்பமில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு மேலே இருந்த அவருடைய அறைக்குப் போனேன். கீழே அடுக்கியிருந்த மூட்டைகளின் காரம் மாடிப்படி வரை வந்து தும்ம வைத்தது. வணக்கம்ணே என்றேன். அண்ணன் என்று கூப்பிட்டால் உங்க அக்காவை நான் எப்படிக் கட்டுவது என்று சிரித்தார். அதற்குப் பிறகு அவரை எப்படியும் கூப்பிடாமலேயே சமாளித்தேன்.

மனிதர் நன்றாகப் பேசினார், நன்றாகச் சண்டையும் போட்டார். ஒரே ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துவிட்டு உடனே தகுதிச் சுற்றுக்குத் தள்ளுகிற வாரங்களை அநியாயம் என்றேன். மழை வந்தாலும் வெயில் வந்தாலும் வியாபாரி கடையைத் திறந்துதானே ஆக வேண்டும் என்றார். ஒரே அணியில் முன்னால் போகிறவனைப் பின்னால் வருகிறவனுக்கு வழிவிடச் சொல்வது கேவலம் என்றேன். அதற்குத்தான் அவர் கொஞ்சம் சூடானார்.

“டீம் சொன்னா விட்டுத்தான் ஆகணும் தம்பி. காரு என்ன அவன் அப்பன் வீட்டுதா?”

சனிக்கிழமை தகுதிச் சுற்றில் அவருடைய ஆள், அவர் உயிராக ஆதரிக்கும் ஓட்டுநர், மூன்றாவது இடம் பிடித்தான். அதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காதவன். அன்று திரும்பும்போதே என் மனதில் இந்தச் சம்பந்தம் முடிவாகிவிட்டது. மதுரையில் டயரின் தேய்மானத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேச எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அக்காவின் கண்ணால் பார்க்க வந்தவன், என் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வளைவிலேயே அவருடைய ஆள் இருவரைத் தாண்டி முன்னால் போனான். போனவன் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். இன்னும் பதினெட்டுச் சுற்றுகள் இருக்கும்போது ஓட்டுநரின் காதிலிருக்கும் ரேடியோவில் அணியின் உத்தரவு வந்தது. பின்னால் வரும் அதே அணிக்காரனுக்கு இந்த வருடப் பட்டம் வெல்ல வாய்ப்பு இருக்கிறது, வழிவிடு.

நான் அவர் பக்கம் திரும்பி, “டீம் சொன்னா விட்டுத்தான ஆகணும்?” என்றேன்.

நேர்பாதையில் அந்தக் கார் ஓரம் ஒதுங்கியது. அவர் சிரிக்கவில்லை. நானும் விடவில்லை. வெள்ளிக்கிழமை அவர் சொன்னதையே திருப்பித் திருப்பி வேறு வேறு குரலில் சொன்னேன். அதற்குள் இரண்டு சுற்றுகள் போயிருந்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. டயர் தாங்குமா என்று கேட்டேன். தலையை அசைத்தார். மழை வருமா என்று கேட்டேன். அதுவும் இல்லை. பந்தயத்தை விட்டுவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. முடிந்ததும் டி.வி.யை அணைத்தார், கீழே வரை வந்தார், கையை மட்டும் உயர்த்தினார்.

வைகைப் பாலத்தில் வண்டி ஓட்டிக்கொண்டே பொய்யைத் தயார் செய்தேன். வீட்டு வாசலில் அக்கா மடியில் விடைத்தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“நல்லாப் பேசுனாருக்கா.”

அவள் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“எம்புட்டு நேரம்?”

“பதினெட்டு லாப். அரை மணி நேரம் இருக்கும்.”

“என்ன ஆச்சுன்னு நீ கேட்டியா?”

கேட்கவில்லை. டயரைப் பற்றிக் கேட்டேன், மழையைப் பற்றிக் கேட்டேன். எங்கள் வீட்டில் பழகியவனுக்கு வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாது.

அக்கா அவருக்குப் போன் போட்டாள். தம்பி சொன்னான், பேசவே இல்லையாமே, யார் மேல கோவம் என்று நேராகக் கேட்டாள். அவள் விரல் விடைத்தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தது. பிறகு போனிலிருந்து அவர் குரல் எனக்கே கேட்டது.

“மொதல்ல என் மேலதாங்க. அன்னைக்கு அம்புட்டு வாய் பேசுனேன்ல. அப்புறம் உங்க தம்பி மேல. ஒரு தடவ சொன்னாப் பரவால்ல, அஞ்சு தடவ சொல்லிக் காட்டுறாப்ல. பொண்ணு வீட்டுப் பிள்ளைய என்னன்னு வையிறது?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை வைத்தாள். எழுந்து ஹாலுக்குள் போய் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, தனக்குச் சம்மதம் என்றாள். அப்பா தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

“என்னப்பா நெனைக்கிறீங்க? வாயத் தொறந்து சொல்லுங்க” என்றாள்.